வெடிக்காத வெடியின் எண்

இதைச் சொன்னவர் திருமதி கனகபுஷ்பம். விருதுநகர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் ஒலி அளக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் கேட்டது 2014ஆம் ஆண்டு தை மாதம், சாத்தூரில் அவர் மகள் வீட்டு மாடியில், ஒரே அமர்வில். நிகழ்ச்சி அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது. ஒரு வெடி வெடிக்காமல் போனால் அதன் அருகே அரைமணி நேரம் எவரும் செல்லக்கூடாது என்பது அந்த ஆலையின் விதி. அந்த அரைமணியில் தம் மனத்தில் ஓடியதைத்தான் அவர் சொன்னார். பேச்சை எழுத்துநடைக்குக் கொண்டுவந்ததைத் தவிர நான் வரிசையை மாற்றவில்லை. ஒரே இடத்துக்கு அவர் மீண்டும் மீண்டும் திரும்பியதையும் வெட்டவில்லை. இதே நிகழ்ச்சியை வேறு இருவர் சொல்லக் கேட்ட பாடங்கள் இறுதியில் உள்ளன.

மீட்டரில் நூற்று நாற்பத்தாறு டெசிபல் என்று நிற்கிறது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் நூற்று நாற்பத்தாறுதான். வெடி வெடிக்கவில்லை. திரி சீறியது, இரண்டு பொறி தெறித்தது, வெள்ளைப் புகை நூலாக எழுந்து வேலிக்கருவைப் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான், திரி நமத்திருக்கிறது. சிமெண்டுத் தளத்தின் நடுவில் அந்தச் சிவப்புக் காகித உருளை தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறது. நான் மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் முக்காலியில் இருக்கிறேன், மடியில் மீட்டர், மீட்டரிலிருந்து கறுப்பு ஒயர் தரையோடு ஊர்ந்து அங்கே இரும்புத் தாங்கியில் நிற்கும் மைக்குக்குப் போகிறது, மைக்கின் தலையில் காற்று அடிக்காமலிருக்க மாட்டிய கறுப்புப் பஞ்சு உருண்டை. சத்தம் இல்லை, எண் மட்டும் இருக்கிறது. இத்தனை ஆண்டில் சத்தத்துக்கு எண் இல்லாமல் போனதுண்டு, பேட்டரி இறங்கி, ஒயர் பிய்ந்து. எண்ணுக்குச் சத்தம் இல்லாமல் போனதில்லை. என் மீட்டர் பொய் சொல்லாது. காலையில்தான் அதன் வாயில் சோதனைக் குழாயைப் பொருத்தி ஒரே சீரான அந்தக் கீச்சொலியைக் கொடுத்துப் பார்த்தேன், கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொன்னது, பால் அளக்கும் ஆழாக்கில்கூட அவ்வளவு நேர்மை கிடையாது. கதவு அறைவதும் வெடி வெடிப்பதும் இமை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற காரியம். மீட்டரைச் சாதாரண நிலையில் வைத்தால் எண் சோம்பலாக ஏறும், ஏறி முடிப்பதற்குள் சத்தம் போய்விடும், முக்கால்வாசிதான் காட்டும். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் அப்படித்தான் அளந்தார், எல்லா வெடியும் தேறியது, எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. நான் வந்த முதல் வாரமே அதைப் பீக் நிலைக்குத் திருப்பினேன். எவ்வளவு சின்ன நேரத்துச் சத்தமானாலும் அதன் உச்சியை எட்டிப் பிடித்துக்கொள்ளும், அதைவிடப் பெரியது வந்தால் பழையதை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடிக்கும், நான் பட்டனை அமுக்கி விடுவிக்கும்வரை விடாது. பிடித்ததை விடாத குணம் எனக்கு அதனிடமிருந்து வந்ததா அதற்கு என்னிடமிருந்து போனதா என்று என் மகள் கேட்பாள். முதலாளியின் சொந்தத் தம்பி போட்ட வெடியே எல்லையைத் தாண்டுகிறது என்று எழுதிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு ஒரு லாரிச் சரக்கு அழிப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போயிற்று, ஒருவரும் என்னிடம் முகம் கொடுக்கவில்லை, மறுநாள் காலையில் எனக்கு மட்டும் டீ வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. எல்லை நூற்று நாற்பத்தைந்து. அதற்கு மேலே போனால் போனதுதான். இப்போது வெடிக்காத ஒன்று நூற்று நாற்பத்தாறு போயிருக்கிறது, அதை நான் மட்டும் பார்த்திருக்கிறேன், மீட்டரை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன், சீட்டாட்டத்தில் சீட்டை மறைப்பவளைப்போல.

அதிசயமணி அண்ணாச்சி வேம்பு நிழலில் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஆலை அவருடையது, நாற்காலியும் அவருடையது, ஒருநாள் விழப்போகிறார். மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா கனகம், வெடிக்காத வெடிக்கு மீட்டர்ல சைபர்தானே காட்டும்? அப்ப பாஸுன்னு போட்டுருவமா?" என்றார். பேக்கிங் கூடத்து வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், பேச்சியம்மாளின் சிரிப்பு தனியாகக் கேட்டது. நானும் சிரித்தேன், பல்மட்டும். சிரிக்காதவர் ஒருவர்தான். வெயிலுமுத்து கையில் பாதி எரிந்த ஊதுபத்தியோடு சுவரின் அந்தக் கோடியில் குத்தவைத்து வெடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். புருவத்தில் அலுமினியத் தூள் படிந்து ஒரு பக்கம் மட்டும் வெள்ளியாக மின்னுகிறது. கலவை அவருடையது. கந்தகத்தைக் குறைத்து, சலிப்பதை ஒருமுறை கூட்டி, சத்தம் குறைந்தும் வெளிச்சம் குறையாத ஒரு வெடிமருந்தை ஆறு மாதம் முயன்று கொண்டுவந்திருக்கிறார். அவர் தெருவிலிருந்து கலவை அறைக்குள் போர்மேனாகப் போன முதல் ஆள். அண்ணாச்சி அதை ஊருக்குப் பெருமையாகச் சொல்வார், கூடவே இதையும் சொல்லியிருக்கிறார்: இரண்டு தடவை எல்லை தாண்டினால் மூன்றாவது பார்க்க வேண்டியதில்லை, கலந்த மருந்து முழுவதும் தொட்டிக்குள், கலவை அறைக்கு வேறு ஆள், இவருக்கு வாட்ச்மேன் வேலை. வேலை போகாது என்பதை ஒரு சலுகைபோலச் சொன்னார். காலையில் முதல் வெடி நூற்று நாற்பத்தேழு. நான்தான் சத்தமாகப் படித்தேன். படித்தபோது என் குரலில் ஒரு சொட்டு இரக்கம்கூடக் கலக்கவிடவில்லை, அது எனக்கே தெரியும், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. வெயிலுமுத்து தலையை மட்டும் ஆட்டினார். இது இரண்டாவது. வெடிக்காதது கணக்கில் வராது, அரைமணி கழித்து வாளித் தண்ணீரை ஊற்றி இதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்போம், அதுதான் இரண்டாவது, அநேகமாகக் கடைசி.

எங்கிருந்து வந்தது இந்த நூற்று நாற்பத்தாறு. காகம். இல்லை, காகம் கத்தினால் எண்பதைத் தாண்டாது, அதுவும் தாங்கியின்மேல் உட்கார்ந்து கத்த வேண்டும். சாலையில் லாரி டயர் வெடித்ததா, வெடித்திருந்தால் நான் கேட்டிருப்பேன். என் காது இன்னும் காதுதான். மருந்தில் ஈரம் இருந்தால் சத்தம் கீழ்ப்பக்கம் தடிக்கும், காகிதச் சுற்று இளகியிருந்தால் விளிம்பு உடைந்து கேட்கும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காலையில் முதல் வெடி வெடித்தபோதே என் காது ஏதோ சொன்னது. இது அவ்வளவு இல்லையே என்றது. சரக்குக் கிட்டங்கிச் சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலி மெலிந்திருந்தது, வேம்பிலிருந்த மைனாக்கள்கூட முழுதாகப் பறக்கவில்லை, எழும்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டன. நான் காதை நம்பவில்லை, எண்ணை நம்பினேன், அப்படித்தான் இருக்க வேண்டும், காதை நம்பத் தொடங்கினால் அப்புறம் மீட்டர் எதற்கு. ஐம்பத்தைந்து வயதுக் காது. வெடியோடு வாழ்ந்த காது. இரவில் படுத்தால் இடது பக்கம் ஒரு சில்வண்டு விடாமல் கத்துகிறது, மகளிடம் சொல்லவில்லை. ஒருவேளை காதும் போய் மீட்டரும் போய்விட்டதோ. மீட்டர் கெட்டிருந்தால் இதுவரை தேறாது என்று நான் தள்ளிய சரக்கெல்லாம், தண்ணீரில் ஊறிக் கரைந்த அத்தனை பெட்டியும், அந்தத் தம்பியின் ஒரு லாரி. இல்லை. சீரான சத்தத்தைச் சரியாகச் சொல்கிற மீட்டர் கெடவில்லை. முழங்கால் இடித்ததா, முக்காலி நகர்ந்ததா, அது இங்கே, மைக் அங்கே. ஒயரை ஆடு இழுத்ததா. ஆடு இல்லை. பட்டனை அமுக்கினேனா, அமுக்கினேன், கட்டைவிரல் நினைவு வைத்திருக்கிறது. அமுக்கினேன், எண் இறங்கியதைப் பார்த்தேன், 'சரி' என்று குரல் கொடுத்தேன், அதன்பின் எண்ணைப் பார்க்கவில்லை. வெடித்து முடியும்வரை எண்ணைப் பார்ப்பதில்லை என்பது என் வழக்கம், கண் வெடியின்மேல் இருக்க வேண்டும், நான் பழக்கிய எல்லாருக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். 'சரி' என்றேன். வெயிலுமுத்து எழுந்தார். ஊதுபத்தியை ஊதிக் கனலாக்கினார். புதுக் கலவையின் முதல் வெடிகளைக் கலந்த கையே பற்றவைக்க வேண்டும் என்பது இந்த ஆலையில் வழக்கம், மற்ற நாட்களில் பற்றவைப்பவர் வேறு. நடந்தார். மைக்கைக் கடந்துதான் போக வேண்டும். நின்றார்.

நின்று தொட்டார். பஞ்சு உருண்டையை வலதுகை விரல்களால் தொட்டு, கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். சாமியின் பாதத்தைத் தொடுவதுபோல. கலவை அறையின் வாசற்படியை அப்படித் தொடுவார், சல்லடையைத் தொடுவார், தண்ணீர் வாளியைக்கூடத் தொடுவார். இன்று என் கருவியைத் தொட்டார், காலையிலும் தொட்டார், இப்போதும் தொட்டார். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்து எனக்கு மனம் குளிர்ந்தது, அதுதான் இப்போது குத்துகிறது. இத்தனை பேர் இந்த மீட்டரைத் திட்டியிருக்கிறார்கள், சகுனத்தடை என்றிருக்கிறார்கள், ஒருவர்கூடக் கும்பிட்டதில்லை, இவர் கும்பிடுகிறார், தன்னைக் காவலுக்கு அனுப்பப்போகிற பொருளையே கும்பிடுகிறார் என்று பூரித்துப்போயிருந்தேன். கால் கிலோமீட்டர் தள்ளிப் போகிற ரயிலைக் கேட்கிற மைக். பஞ்சு போட்டிருந்தாலும் அதன் தலையில் விரல் பட்டால் அதற்கு அது இடி விழுந்தது மாதிரி. வெளியே ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. உள்ளே அது பிடித்துக்கொள்ளும், பிடித்ததை விடாது, அதைவிடச் சிறியதாக வெடி வந்தால் வெடியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. காலையில் நான் நூற்று நாற்பத்தேழு என்று படித்தது அவர் வெடியை அல்ல. அவர் கும்பிட்டதைப் படித்தேன். ஊரறியப் படித்தேன். காலையில் வேண்டுதல் கொஞ்சம் அழுத்தம், இப்போது கொஞ்சம் குறைவு. வெடி தேற வேண்டுமென்று எவ்வளவு மனமார நினைக்கிறாரோ அவ்வளவு அழுத்தித் தொடுவார், அவ்வளவுக்கு வெடி தேறாது. இனி மூன்றாவது தடவை, கலவை அறையே கைவிட்டுப் போகிற தடவை, எப்படித் தொடுவார்.

சொல்ல வேண்டியது ஒரே சொல். தொடாதீங்க. எழுந்து நாலடி போய்ச் சொன்னால் முடிந்தது. எழ முடியவில்லை. தொடாதீங்க என்று ஒருவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், மகளிடம், அடுப்பில் பால் இருக்கும்போது, எலக்ட்ரீசியனிடம், அண்ணாச்சியிடமே சொல்லியிருக்கிறேன், அவர் கை சும்மா இருக்காது, மீட்டரைத் திருகிப் பார்ப்பார், சொன்னால் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிடுவார். அவரிடம் அது வெறும் சொல். வெயிலுமுத்துவிடம் அது வெறும் சொல்லாக இருக்காது. அவர் அம்மா எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வருவார், குருவம்மாள், என் அம்மா குடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அதே சொல்லைச் சொல்வாள், கோபமாக அல்ல, காகத்தை விரட்டுவதுபோலப் பழக்கமாக, இரண்டு கூழாங்கல் மோதுகிற அளவுக்குத்தான் சத்தம். அந்தக் குரல் என் தொண்டையில்தான் இருக்கிறது, அம்மாவின் குரல் எனக்கு அப்படியே வந்திருப்பதாகச் சொல்வார்கள். இந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து, அண்ணாச்சிக்கும் அத்தனை பெண்களுக்கும் முன்னால், அந்தக் குரலில் நான் அந்தச் சொல்லைச் சொன்னால் அவருக்கு எது கேட்கும். மைக்கில் விரல் படக்கூடாது என்பது கேட்குமா. எல்லாரும் அவரைப் போர்மேன் என்கிறோம், நானும். மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். மற்றவர்களை அண்ணே, மாமா, சித்தப்பு என்கிறோம், இவரை மட்டும் போர்மேன். என்ன முறை சொல்வதென்று எவரும் யோசிக்கத் தேவையில்லாத சொல். வசதியான சொல். மைக்குல கை படாம. படாம என்பது இன்னும் மோசம். கொஞ்சம் தள்ளிப் போங்க. அது எல்லாவற்றிலும் மோசம். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் ஏற்கனவே யாரோ சொன்னதாக இருக்கிறது.

சொல்லாமலே செய்துவிடலாம். அவர் தொட்டுவிட்டுப் போகட்டும், குனிந்து திரியில் பத்தியை வைப்பதற்குள் நான் இங்கிருந்தபடியே பட்டனை ஒருமுறை அமுக்கிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. வெடி தன் எண்ணைத் தானே சொல்லும். நல்ல வழி. எளிய வழி. அப்போது காலையின் நூற்று நாற்பத்தேழு? அது அப்படியே நிற்கும், என் வாயால் சொன்னது, பொய்யாக நிற்கும், ஒன்று தேறவில்லை ஒன்று தேறியது என்று அண்ணாச்சி தாடையைத் தடவுவார், மூன்றாவதும் தேறினாலும் ஒரு பழுது வெயிலுமுத்து பேரில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அல்லது மீட்டரில் கோளாறு என்று சொல்லி இன்றைய சோதனையையே தள்ளிவைக்கலாம். அதைச் சொல்வதற்கு நாக்கை அறுத்துக்கொள்ளலாம். கோளாறா? இதற்கா? தொட்ட விரலின் அழுத்தத்தைக்கூட ஒன்று குறையாமல் சொன்ன கருவியைக் கோளாறு என்பதா? அது செய்தது சரி. அவர் செய்ததும் சரி. தவறு வரிசையில் இருக்கிறது. முதலில் நான் அமுக்கினேன், பிறகு அவர் தொட்டார். வரிசை என்னுடையது. இந்த இடத்துக்கு வந்ததும் மனம் முட்டி நின்றது, பிறகு மெல்லத் திறந்தது, நமத்த திரியில் திடீரென்று கனல் ஓடுவதுபோல. அவரிடம் ஒன்றும் செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லையே. என்னிடம் நான் சொல்ல வேண்டியதுதான் இருக்கிறது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், வாளியைக் கொண்டுபோகச் சொன்னார். வெயிலுமுத்து வாளியை எடுத்துப்போய்ச் செத்த வெடியின்மேல் தண்ணீரை ஊற்றினார், காகிதம் கறுத்துச் சுருண்டது, சிவப்புச் சாயம் தளத்தில் ஓடியது. திரும்பி வந்தார். நான் எழுந்து நின்றேன். மீட்டரை எல்லாருக்கும் தெரிகிறபடி உயர்த்திப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, வெடிக்காத வெடிக்கு நூத்தி நாப்பத்தாறு காட்டுது" என்றேன். அண்ணாச்சி மோர்ச் செம்பைத் தேடினார். போர்மேன் போகும்போது மைக்கைத் தொட்டுக் கும்பிட்டதையும், மீட்டர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டதையும், காலையில் நான் படித்ததும் அதுவே என்பதையும் சொன்னேன். காலையில் படித்த எண்ணை நானே அடித்துவிடுகிறேன், அது வெடியின் எண் அல்ல, அந்த வெடியை யாரும் இன்னும் அளக்கவே இல்லை என்றேன். அண்ணாச்சி, தொட்டதுக்கா அவ்வளவு, என்று மீட்டரை வாங்கிப் பார்த்தார். பேச்சியம்மாள் வாசலிலிருந்து, அப்ப இவுக ஓங்கிக் கும்பிட்டா ஊரே பறந்துரும்போல என்றாள், ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் வெயிலுமுத்துவைப் பார்த்தேன். அவர் தன் வலதுகை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ ஒட்டியிருப்பதுபோல. அந்தக் கை பின்னால் போய் மறையப் பார்த்தது. மறைவதற்குள் சொன்னேன். "எப்பவும்போலக் கும்பிட்டுக்கிடுங்க. நீங்க கும்பிட்டப்புறம்தான் நான் பட்டனை அமுக்கணும். இத்தன நாளு முந்தி அமுக்கிட்டேன். இனி வரிசை இதுதான்." என் குரல் அம்மாவின் குரலாக இல்லை. யாருடைய குரல் என்று தெரியவில்லை, புதிதாக இருந்தது, கேட்க எனக்கே நன்றாக இருந்தது. வெயிலுமுத்து கையை முன்னால் கொண்டுவந்தார். எத்தனையோ கோயில் வாசலில் வெளியே நின்று கும்பிட்ட ஆள். மீட்டரை ஒரு பார்வை, மைக்கை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப இதுக்குக் கேட்டுருக்கு" என்றார்.

வெயிலுமுத்து புது வெடியைத் தளத்தில் வைத்தார், எங்கள் பக்கம் திரும்பி நடந்தார், மறுபடி ஊதுபத்தியைக் கனலாக்கிக்கொண்டு புறப்பட்டார், மைக்கின் அருகே நின்றார். தொட்டார். குறைத்துத் தொடவில்லை, அதைக் கவனித்தேன், காலையில் தொட்ட அதே அழுத்தம், கண்ணில் ஒற்றினார். என் மடியில் எண் குபீரென்று ஏறி நின்றது, வாழ்க்கையில் முதல்முறையாக, ஆள் வெடியை நோக்கிப் புறப்பட்டபின் எண்ணைப் பார்த்தேன், பார்த்துவிட்டு அமுக்கினேன், இறங்கியது, காற்றும் வேம்பும் தூரத்துச் சாலையும் மட்டும் இருக்கிற அளவுக்கு இறங்கி அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது. 'சரி' என்றேன். அவர் குனிந்தார்.

கனகபுஷ்பம் இங்கே நிறுத்தினார். வெடி தேறியதா என்று நான் கேட்டபோது, நூற்று நாற்பத்தொன்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் காப்பி எடுத்துவர எழுந்துபோனார்.

பேக்கிங் கூடத்தில் பணியாற்றிய பேச்சியம்மாளிடம் (மதுரை, அதே ஆண்டு பங்குனி) கேட்ட பாடத்தில் அந்த வெடியும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மருந்து முழுவதும் தொட்டிக்குப் போகிறது. ஆனால் கையை அளந்த கதை ஊரெல்லாம் பரவிவிட்டதால் வெயிலுமுத்துவைக் கலவை அறையிலிருந்து எடுக்க முதலாளிக்கு வாய் வரவில்லை என்கிறார் அவர். வெயிலுமுத்துவிடம் நான் கேட்டது அதற்கு அடுத்த ஆண்டு, சிவகாசியில், அவருடைய பேரனின் காதணி விழாப் பந்தலில். வெடி தேறியது என்றே அவரும் சொல்கிறார். கடைசித் தடவை மட்டும் வேறாகச் சொல்கிறார்: தாம் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மைக்கைக் கடந்துபோய்விட்டாராம், சுவருக்குப் பின்னாலிருந்து எழுந்துவந்து பஞ்சு உருண்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் கனகபுஷ்பம். அதன்பின் கனகபுஷ்பம் பட்டனை அமுக்கினாரா என்று கேட்டேன். தாம் அதைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை என்றார்.